நீலக் குழாய்

ஜூலையில் ரூவியில்
நீலக் குழாயைத் திறந்தால் கொதிநீர்.
மொட்டைமாடித் தொட்டியில் வெயில் உலை வைத்திருக்கும்.
ஹீட்டரை அணைத்துவிட்டுச்
சிவப்புக் குழாயில்தான் ஆறிய நீர் பிடிப்போம்.

இரத்தக் கறைக்கு அதுவும் போதாது.
சூடு பட்டால் துணி மறக்காது.
ஓட்டல் சலவையறையில் இருபத்திரண்டு வருடம்
சமையற்கட்டில் ஒரு வாளி ஐஸ் கெஞ்சி வாங்கி
யார் யாரோ படுத்த விரிப்புகளை அலசினேன்.
என்னுடையதையும்.

மாதத்தில் நான்கு நாள்
இஸ்திரி மேசையின் விளிம்பை
அடிவயிற்றில் அழுத்திக்கொண்டு நிற்பேன்.
பொம்பளைன்னா அப்படித்தான் என்றார்கள்.
என்றவர்களில் பாதிப் பேர் பொம்பளைகள்.

ஐம்பத்தொன்றில் நின்றது.
மிச்சமிருந்த நாப்கின் பாக்கெட்டை
அறையில் இளையவள் ஹலீமாவுக்குக் கொடுத்துவிட்டு
அன்றிரவு எல்லோருக்கும் ஷவர்மா வாங்கினேன்.

ஐம்பத்தெட்டில்
தட்டாமல் உள்ளே வந்து உட்கார்ந்தது.
அதே வலி.
இத்தனை வருடம் கூட இருந்ததை
எனக்கு அடையாளம் தெரியாதா?

டாக்டர் ரஷா, சூடான்காரி,
திரையை என் பக்கம் திருப்பினாள்.
கருப்பையின் உள்தோல் போல ஒன்று
கருப்பைக்கு வெளியே,
குடலைப் பிடித்துக்கொண்டு.
"நின்றதும் இதுவும் அடங்கும் என்பார்கள்.
எல்லாருக்கும் அடங்குவதில்லை."
நர்ஸ் சிரித்தாள்: "ஓவர்ஸ்டே, சேச்சி."
எனக்குச் சிரிப்பு வரவில்லை.
விசா முடிந்து ஒளிந்திருந்தவர்களோடு
ஒரே அறையில் படுத்திருக்கிறேன்.
அவர்கள் யாரையும் குத்தியதில்லை.

காப்பீட்டு ஜன்னலில்
கணினி மறுத்துவிட்டது.
இந்த நோய்க்கு இந்த வயது பொருந்தவில்லையாம்.
"பிறந்த வருஷம் சரிதானா?"
பாஸ்போர்ட்டை நீட்டினேன்.
"அப்ப நோய் தப்பா இருக்கும்."
மரியாதையான பையன்.
லேடீஸ் பிராப்ளம் என்பதைக்கூட
குரலைத் தாழ்த்தித்தான் சொன்னான்.
நான் தாழ்த்தவில்லை.
எண்-டோ-மெட்-ரி-யோ-சிஸ்.
வரிசை முழுக்கக் கேட்டது.

கறுப்பு அபாயாவில் ஓர் அம்மாள்,
அறுபது இருக்கும்,
பையை இடுப்போடு அணைத்தபடி அருகில் வந்தாள்.
உடைந்த இந்தியில் கேட்டாள்:
எந்த டாக்டர்?
ரஷா, என்றேன். இரண்டாவது மாடி.
லிஃப்ட் லேசில் வராது, உட்கார்ந்திருங்கள்.

விண்ணப்பத்தில் இன்னும் சிவப்பு முத்திரை.
ஞாயிற்றுக்கிழமை மறுபடி போக வேண்டும்.

இரவு, ரப்பர் பையை
நீலக் குழாயில் பிடித்தேன்.
அடுப்பு வேண்டியிருக்கவில்லை.
வயிற்றில் வைத்துப் படுத்தேன்.
இதற்காவது
உதவுகிறது இந்த ஊர் வெயில்.