ஒற்று

பாதிரியார் எலேதெரியோவின் கையெழுத்தை
இந்தப் பள்ளத்தாக்கில் வாசிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான்.
பூசை அங்கிகள் தொங்கும் அறையில்
பழைய ஒலிவெத்தியில் அவர் பிரசங்கத்தைத் தட்டச்சு செய்வேன்,
கார்பன் வைத்து, மூன்று படி.
வழக்கமாக வாரத்துக்கு ஒன்று.
அந்த வாரம் இரண்டு.

முதலாவது சாதுர்னினோவுக்கு.
எஸ்திரேமதூராவிலிருந்து வந்த சிவில் காவலன், வயது இருபத்து மூன்று.
காஸ்திலிய மொழியில் எழுதியிருந்தார்.
'கொலை' என்று எழுதி அடித்திருந்தார்.
மேலே 'மரணம்'. அதையும் அடித்து
ஓரத்தில் பென்சிலில் 'நடந்துவிட்ட துயரம்',
மழை பெய்துவிட்டது என்பதுபோல.
கேட்க வந்தவர்கள் பதினொரு பேர்.
ஏழு பேர் கையில் சீருடைத் தொப்பி.

இரண்டாவது கோல்தோவுக்கு.
பேக்கரிக்காரர் மகன். பாலத்துச் சோதனைச் சாவடியில்
முதுகில் நான்கு குண்டு.
இது பாஸ்க்கில், எங்கள் மொழியில்.
அடித்தல் இல்லை, திருத்தல் இல்லை.
'நீதிக்குப் பசித்தவன்' என்றார்.
கோவில் கொள்ளாமல் ஜனம் மழையில் நின்றது.

எங்கள் மொழியில் ஒரு வழக்கம்.
வந்தவன், தூங்கியவன், செத்தவன்
பெயரோடு ஒன்றும் ஒட்டாது.
ஒன்றைச் செய்தவன் என்றால் மட்டும்
பெயரின் வாலில் ஒரு 'க்' வந்து நிற்கும்.
கதவைத் திறந்தவனுக்கு உண்டு.
ரொட்டி சுட்டவனுக்கு உண்டு.
சுட்டவனுக்கும்.

காஸ்திலியருக்காகச் செய்த இயந்திரம்,
அந்த எழுத்து அதற்குப் பழக்கமில்லை.
விசை இறங்கினால் ஏறாது,
நகத்தால் தூக்கிவிட வேண்டும்.
பன்மைக்கும் அதே எழுத்துதான்:
மலைகள், தாய்மார்கள், கண்ணீர்த்துளிகள்,
எல்லாவற்றுக்கும் தூக்கிக்கொண்டே இருந்தேன்.
சாவுக்குப் பக்கத்தில் மட்டும்
ஒரு தடவைகூட இல்லை.

இரண்டு பிரசங்கம், ஒன்பது பக்கம்.
யாரும் யாரையும் கொல்லவில்லை.

குறை சொல்லவில்லை. நல்ல மனிதர்.
சாதுர்னினோவின் அம்மாவுக்கு ஒரு படி
தபாலில் அனுப்பச் சொன்னார், தலை அவருடைய செலவு.
அடுத்த ஞாயிறு கட்டளையை எடுத்துக்கொண்டார்:
கொலை செய்யாதிருப்பாயாக.
அதில் 'நீ' எங்கே என்று தேடினேன்.
வினைக்குள் ஒளிந்திருந்தது.

திங்கள்தோறும் ஏழு மணிக்கு,
துப்பாக்கி இல்லாமல்,
தபால் நிலையத்துக் கூண்டிலிருந்து
அவன் அம்மாவுக்குப் போன் பேசுவான்.
சில்லறை தீர்ந்தால் கண்ணாடியைத் தட்டி என்னிடம் கேட்பான்.
இதைக் கோல்தோவிடம் சொன்னேன்,
ரொட்டிக்குக் காசு எண்ணிக்கொண்டே.
பேச்சுவாக்கில்தான் சொன்னேன்.
அவன் சிரிக்கவில்லை. மீதியைச் சரியாகக் கொடுத்தான்.

இப்போது அறையில் யாருமில்லை.
மிஞ்சிய தாளைச் சுருட்டி ஏற்றி
'நி' என்று அடித்தேன்.
நி என்றால் எங்களுக்கு 'நான்'.
வந்த நான். நின்ற நான். மழையில் நனைந்த நான்.

விரல் அடுத்த விசைமேல் இருக்கிறது.
கோபுரத்தில் யாரோ கயிற்றை இழுத்துப் பார்க்கிறார்கள்.
இறங்கினால் ஏறாது,
தெரியும்.