வெறும் வண்டி எடை

மேலூருக்கு வடக்கே, நான்குவழிச் சாலையோரம்
காசிமாயனின் எடைமேடை. இரவு ஒன்றேகால்.
மேடைமேல் ஒரு லாரி நெல்.
திரையில் எண் வரவேண்டிய இடத்தில்
மூன்று கோடுகள்.

"ஒண்ணும் பண்ணலக்கா,
புதுப்பிக்கவான்னு கேட்டுச்சு, ஆமான்னு அமுக்குனேன்"
என்கிறான் ராத்திரி வேலைக்கு இருக்கும் சுருளி.
ஆமாம் என்பது எவ்வளவு சின்னப் பொத்தான்.

லினக்ஸ் தன் வீட்டுப் பிள்ளைகளுக்கெல்லாம்
புதுச்சட்டை போட்டுவிட்டது.
தராசோடு பேசத் தெரிந்த ஒரே பொதி
வெளியாள். எவரோ கட்டி எங்கோ வைத்தது.
அளவு ஒத்துவரவில்லையென்று
ராவோடு ராவாக அதை இறக்கிவிட்டது.

திரும்பக் கூப்பிட்டேன்.
களஞ்சியத்தின் கையொப்பம் காலாவதி என்றது.
நான்கு நாளாகிறதாம்.
கட்டியவர் பெயர் இருந்தது, ஊர் இல்லை. தோமாஸ்.
எழுதினேன்.
மூன்று நொடியில் திரும்பி வந்தது கடிதம்
அப்படியொருவர் இங்கில்லையென்று.
ஆறு வருடம்
கொட்டாம்பட்டித் தேங்காய்வரை
அவரை நம்பி நிறுத்திருக்கிறோம்.
அவருக்குத் தெரியாது.

பின்னால் ஒன்பது லாரி. ஹாரன்.
"கையொப்பம் பாக்காம ஏத்திவிடு ராக்காயி,
ஒரு வரிதானே" என்றார் காசிமாயன்.
ஒரு வரிதான்.
"முத்திரை அடிக்காத படிக்கல்லுல நிறுப்பீகளா?"
"அதெப்படி, ஆபீசர் வந்தா
கடைக்கே சீல் வச்சிருவானே"
என்றவர் தானே சிரித்து
டீ சொல்லப் போனார்.

வேறொரு களஞ்சியத்தில்
இதே வேலைக்கு ஒன்று இருந்தது. நூற்றெண்பது கேபி.
சரியென்று பார்த்தால்
நாங்களும் வருவோமென்று நிற்கின்றன நாற்பத்தாறு:
படம் காட்டுவது, பாட்டுப் போடுவது,
ஜெர்மன் மொழியில் எழுத்துப்பிழை பார்ப்பது.
நானூறு எம்பி.
எட்டிப் பார்த்த டிரைவர் செபஸ்தியான்
"ரெண்டு மூடைக்குப் பதினாலு சக்கர வண்டியா?" என்றார்.
இல்லை என்பதும் சின்னப் பொத்தான்தான்.

கடைசியில் மூலம் மட்டும் கிடைத்தது,
பழைய கிடங்கொன்றில்.
பிரித்துப் படித்தேன், எண்ணூற்றுச் சொச்சம் வரி.
நடுவில் ஒரு குறிப்பு:
இது ஏன் வேலை செய்கிறதென்று எனக்கும் தெரியவில்லை.
தொடாதீர்கள்.

தொடவில்லை.
நூலகத்தின் பெயரை இரண்டிடத்தில் மாற்றித்
தொகுக்க விட்டேன்.
மூன்று முறை முறைத்தது.
நான்காம் முறை ஒன்றும் சொல்லாமல் முடிந்தது.
அதன் பாஷையில் அதுதான் வாழ்த்து.

பொதி கட்டும்போது ஒரு கேள்வி வரும்.
பராமரிப்பவர் யார்?
அவர் பெயரையே விட்டுவைக்கலாம்.
வைத்தால், எந்த ஊரிலிருந்தோ
இதுபோலொரு ராத்திரியில் எழுதப்படும் கடிதமும்
மூன்று நொடியில் திரும்பும்.
கர்சர் துடித்துக்கொண்டிருந்தது.
செபஸ்தியான் இஞ்சினை அணைத்துவிட்டார்.

தோமாஸை முந்தையவர் வரிசையில் ஏற்றிவிட்டு
தொ. ராக்காயி, மேலூர் என்று அடித்தேன்.
சாவிக்கு எத்தனை காலம் ஆயுள் என்றது.
இரண்டு வருடம் என்றேன்.
அதற்குமேல் என்னை நானே நம்புவதற்கில்லை.

கோடுகள் போய் எண் வந்தது:
இருபத்துநாலாயிரத்து முந்நூற்றெண்பது.

"இதுல நெல்லு எவ்வளவு?" என்றார் செபஸ்தியான்.
"இறக்கிட்டு வெறும் வண்டியா வாங்கண்ணே.
அப்பத்தான் சொல்ல முடியும்."