இரண்டு பாதிகள்

வெர்லா ஹோல்ம்க்விஸ்ட், டுலூத் நகரம்.
தொலைபேசி நிலையத்தில் கண்ணாடி இழை இணைப்பவள்,
இருபத்தாறு வருடமாக.

ஏரி உறைந்து கிடந்த ஒரு பிப்ரவரியில்
தலைநகரிலிருந்து ஒரு பெட்டி வந்தது.
தீப்பெட்டியைவிடச் சிறியது.
உள்ளே போகும் வெளிச்சம் ஒன்று,
வெளியே வருவது இரண்டு.
ஒன்று ஊருக்கு.
மற்றது நான்காம் மாடிக்கு,
கைப்பிடி இல்லாத கதவுக்குப் பின்னால்.
மேலாளர் கையெழுத்துக் கேட்டார், போட்டாள்.
"சட்டப்படிதான்" என்றார்.
சட்டத்தைக் காட்டவில்லை.

வெளிச்சம் வினோதமானது,
பிளந்தால் இரண்டு பாதியுமே முழுசு.
வட்டிக்கு நாள் கேட்டவன்,
கரு கலைந்ததை அக்காவிடம் மட்டும் சொன்னவள்,
தப்பான எண்ணுக்கு அழுத கிழவன்,
எல்லாரும் இங்கேயும் முழுசாக, அங்கேயும் முழுசாக.
பகலில் பக்கம் பார்த்துப் பேசு என்பார்கள்.
பார்த்தார்கள்.
பக்கத்தில் யாரும் இல்லை.

மார்ச்சில் அவள் கணவன் வெண்டல்
மினியாபொலிஸ் ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிட்டான்.
அவள் கம்பத்தின் மேல் இருந்தாள், கையுறையோடு.
குரல்பெட்டியில் நாற்பது விநாடி:
கார் சாவி எங்கே, பூனைக்கு மருந்து,
பிறகு ஏதோ. இருமலில் போய்விட்டது.
முப்பதாம் நாள் கம்பெனி அதை அழித்தது.
விதிமுறை.

ஒரு ராத்திரி ஷிப்டில்
நான்காம் மாடிக் கதவில் காது வைத்தாள்.
மின்விசிறிகள் மட்டும்.
ஆனால் அந்த இருமல் உள்ளேதான் இருக்கிறது.
உலகத்தில் அதைத் திரும்பக் கேட்க முடிந்தவர்கள்
அவனை ஒருமுறைகூடப் பார்க்காதவர்கள்.
கடிதம் எழுதினாள்: தயவுசெய்து, ஒரு பிரதி.
யாருக்கு அனுப்ப?
அப்படி ஓர் அறையே இல்லையென்று
கையெழுத்துப் போட்டவளே அவள்தான்.

மகன் வந்தபோது கைபேசியை நீட்டினாள்.
"பூட்டிக் கொடு. எல்லாத்தையும்."
"சாவி?"
"உன்கிட்ட ஒண்ணு, என்கிட்ட ஒண்ணு.
கம்பெனிக்கு வேண்டாம்."
"தொலைஞ்சா தொலைஞ்சதுதாம்மா. யார்கிட்டயும் கேக்க முடியாது."
"தெரியும்."

ஞாயிறுதோறும் பேசுகிறார்கள்,
பனி, பூனை, பனி.
பெட்டியைக் கழற்ற அவள் போகவில்லை,
பென்ஷனுக்கு இன்னும் பதினோரு மாதம்.
வெளிச்சம் பழையபடி பிளக்கிறது,
நான்காம் மாடிக்கு முழுசாகவே போய்ச் சேர்கிறது,
மணலாக.

மகனுக்கும் அதே இருமல்.
அப்போது மட்டும் போனைக் காதோடு அழுத்திக்கொள்கிறாள்.
பதிவு செய்ய ஒரு பொத்தான் இருக்கிறது.
இதுவரை தொடவில்லை.