போய்வரும் சீட்டு

விடியற்காலைக் கப்பலுக்கு
வலெட்டா துறையில் சீட்டுக் கொடுப்பவள் நான்.
சிசிலிக்கு ஒன்றே முக்கால் மணி நேரம்.
தக்காளி மொத்த விலைக்கு வாங்கப் போகிறவர்கள்,
கல்யாணத்துக்குக் கட்டில் பார்க்கப் போகிறவர்கள்,
பிறகு,
பெட்டியில்லாமல், கைப்பையை வயிற்றோடு அணைத்தபடி
இரவுக்குள் திரும்ப முடியுமா என்று மட்டும் கேட்கிறவர்கள்.

விசாரிக்க மாட்டேன்.
இருபத்திரண்டு வருஷம் ஆயிற்று, கண் போதும்.
சன்னலோர இருக்கை போடுவேன்,
குமட்டலுக்குக் காகிதப் பை ஒன்று கூடுதலாக.

நான் நம்புகிறவள்.
முதலிலேயே சொல்லிவிடுகிறேன்,
இரண்டு பக்கத்தாரும் என் பெயரைத்
தங்கள் கணக்கில் எழுதிக்கொள்ளப் பார்க்கிறார்கள்.
எட்டாம் வாரம் திரையில் என் மிக்கியெல்
ஓர் அரிசி துடிப்பதுபோல் துடித்தான்.
இருபதாம் வாரம், மண்டை ஓடு மூடாது என்றார்கள்.
சட்டம் என்னைக் கேட்கவில்லை,
நானும் சட்டத்தைக் கேட்கவில்லை.
சுமந்தேன்.
பதினொரு மணி நேரம் இருந்தான்.
தாதி குழாய்த் தண்ணீரில் ஞானஸ்நானம் கொடுத்தாள்.
அந்தப் பதினொரு மணி நேரத்தை
யாருக்கும் விட்டுத்தர மாட்டேன்.
யார் தலையிலும் கட்டவும் மாட்டேன்.

தபசு காலத்தில் டுன் சல்வுவிடம் கேட்டேன்:
சாமி, சீட்டு விற்பது பாவத்தில் பங்கா?
கம்பித் தட்டிக்குப் பின்னால் வெகுநேரம் மூச்சுச் சத்தம்.
கிட்டத்து உடந்தை உண்டு, தூரத்து உடந்தை உண்டு என்று
படித்ததைச் சொன்னார்.
எவ்வளவு தூரம் சாமி?
தொண்ணூறு கிலோமீட்டரா?
அவர் சிரிக்கவில்லை.
சிரிக்க வைக்க நானும் கேட்கவில்லை.
மூன்று அருள்நிறை மரியே சொல்லச் சொன்னார்.
முதலாவதே
திருவயிறு என்ற சொல்லில் நின்றுவிட்டது.
அவளிடம் வானதூதன் வந்து சொன்னான்,
அவள் பதில் சொல்லும்வரை நின்றான்.
மற்றவர்களிடம்?

மே மாதம் இலேனியா வந்தாள்,
எங்கள் தெரு பேக்கரிக்காரர் மகள்.
என்னைக் கண்டதும் வரிசையை விட்டு விலகினாள்,
வேறு சன்னல் திறந்திருக்கவில்லை, திரும்பி வந்தாள்.
தெரிந்த முகத்தைத் தெரியாததாக்க எனக்குப் பழக்கம்.
அன்று கைகூடவில்லை.
போகாதே என்று சொல்ல வாயெடுத்தது உண்மை.
கூட வரட்டுமா என்று வாயெடுத்ததும்.
சொன்னது வேறு:
"திரும்பும் கப்பல் ஒன்பதரைக்கு, தவறவிட்டுவிடாதே."
சில்லறையை அவள் எண்ணாமல் எடுத்துக்கொண்டாள்.
நாணயங்களில் மாவு.

எங்கள் கோயில் முகப்பில் இரண்டு கடிகாரம்.
ஒன்று சரியான நேரம், மற்றது பொய் நேரம்,
சாத்தான் குழம்பட்டும் என்று வைத்ததாம்.
சாத்தானைப் பற்றித் தெரியாது,
நான் தினமும் இரண்டையும் பார்த்துவிட்டுத்தான் உள்ளே போகிறேன்.

அந்த ஞாயிறு பூசையில்
பிறவாத குழந்தைகளுக்காக மன்றாட்டு வாசித்தார்கள்.
கேட்டருளும் என்றேன், மனதாரத்தான்.
நற்கருணைக்கு எல்லோரும் எழுந்தார்கள்.
தூணருகே இலேனியா எழவில்லை.
அவள் முதுகில் எத்தனை கண்கள் என்று எண்ணினேன்,
என்னுடையதையும் சேர்த்து.

முழங்கால் வலி என்று பிறகு வீட்டில் சொல்லிக்கொண்டேன்.
வரிசையிலிருந்து விலகி
அவள் பெஞ்சில் போய் உட்கார்ந்தேன்.
அவள் கொஞ்சம் தள்ளி அமர்ந்தாள்.
இடம் விட்டாளா, ஒதுங்கினாளா,
இன்றுவரை தெரியாது.