இடது பின் சக்கரம்

மூன்றாவது முறையாக வந்து நிற்கிறான் ஷிஜின்,
புனலூரிலிருந்து மலை தாண்டி
செங்கோட்டையில் என் ஷெட்டுக்கு.
வெள்ளை எஸ்டீம். பின்பக்கம்
முட்டையிட உட்கார்ந்த கோழி மாதிரி.
"ஒச்ச போயில்ல சேட்டா" என்கிறான்.
நாம் ஓசை என்பது அவனுக்கு ஒச்ச.
எந்தப் பெயரில் கூப்பிட்டாலும்
டொக் என்றுதான் பதில் சொல்கிறது.

முதல் தடவை மேல் மவுண்ட் ரப்பரை மாற்றினேன்.
பழையது நன்றாகத்தான் இருந்தது; சொல்லவில்லை.
இரண்டாவது தடவை சைலன்சர் குழாய் உரசுகிறதென்று
ஒரு பழைய பெல்ட்டால் இழுத்துக் கட்டினேன்.
அதற்கும் காசு வாங்கினேன்.
டயரின் உள்விளிம்பு மட்டும்
மொட்டையடித்ததுபோல் வழுவழுத்துக் கிடந்ததைப்
பார்த்தும் பார்க்காமல் விட்டது
ராத்திரி படுக்கையில் டொக் என்கிறது.

"டிக்கியைத் திற" என்றேன்.
ஸ்டெப்னியை எடுத்து வெளியே வைத்து
அது கிடந்த குழிக்குள் என் இடுப்பை வைத்தேன்.
நாற்பத்தாறு வயது. சர்க்கரை உண்டு.
"கடைசியில இதுவுமா" என்றாள் சபுரா.
மூடி விழுந்தது.

இருட்டில் வண்டி வேறொரு மிருகம்.
பெட்ரோல் வாசனை, என்றோ ஏற்றிய மீன் வாசனை,
கால்மாட்டில் உருளும் ஜாக்கி.
ஷாக் அப்சார்பர் மேல்முனை மேட்டில்
நாடி பார்ப்பதுபோல் உள்ளங்கையை வைத்துக்கொண்டேன்.
பிரானூர் வந்ததை மரத்தூள் சொன்னது.
புளியரையை ஈரக்காற்று.
எஸ் வளைவில் தலை போய் ஸ்பீக்கர் பெட்டியில் இடித்தது,
அது கணக்கில்லை.

டொக்.
பள்ளத்தில் விழும்போது இல்லை.
மேட்டில் ஏறும்போதும் இல்லை.
மேட்டைத் தாண்டி, சக்கரம் தொங்கி
தரையைத் தேடும் அந்த ஒரு கணம்
கைக்கடியில் எதுவுமே இல்லை.
பிறகு, டொக்.

அடி விழும் சத்தத்தை அல்லவா
இத்தனை நாள் தேடிக்கொண்டிருந்தேன்.
இது விட்டுப்போனது திரும்பி வந்து உட்காரும் சத்தம்.
ஒன்றரைச் சுற்று வெட்டிய ஸ்பிரிங்,
எட்டாத இருக்கை,
ஒவ்வொரு மேட்டிலும் கோபித்துக்கொண்டு கிளம்பி
அதே மேட்டில் திரும்பி வருகிறது.

கோட்டவாசலில் வண்டி நின்றது.
மூடி திறந்தது. டார்ச். டார்ச்சுக்குப் பின்னால் மீசை.
"ஆரா இது?"
எதையெதையோ கடத்திப் பார்த்திருப்பார்;
மெக்கானிக்கைக் கடத்திப் பார்த்ததில்லை.
"ஸ்பிரிங் சார்" என்றேன், படுத்தபடியே.
அவர் குனிந்து பின்பக்கத்தைப் பார்த்தார்.
"இத்றயும் தாழ்த்தியா பின்ன?" என்றார் ஷிஜினிடம்.
அபராதம் எழுத நோட்டை எடுத்தார்.
மழை வந்தது. நோட்டை உள்ளே வைத்தார்.

திரும்பும்போது முன்சீட்டில் உட்கார்ந்தேன்.
சரியான ஸ்பிரிங் போட்டால்
வண்டி ரெண்டு விரல் உயரும் என்றேன்.
அவன் ஒரு விரல் காட்டினான்.
தவணை விலக்கு வரை விரல்களில் பேரம்.
ஒன்றரைக்கு ஒப்புக்கொண்டான்,
சொத்து எழுதிக் கொடுப்பவன் முகத்தோடு.

போல்ட்டுகளை இந்த முறை
சக்கரம் அந்தரத்தில் தொங்கும்போது முறுக்கவில்லை.
முதல் தடவை அப்படித்தான் செய்திருந்தேன்.
தொங்கும்போது இறுக்கினால் புஷ் ரப்பர்
தொங்குவதுதான் நிலை என்று நம்பிவிடும்;
தரைக்கு வந்த பிறகு
கிழியும்வரை முறுக்கிக்கொண்டே கிடக்கும்.
வண்டியைக் குழிமேல் நிறுத்தி
சபுராவை டிரைவர் சீட்டிலும்
ஷிஜினைப் பின்னாலும் உட்காரவைத்து
எடை முழுதும் இறங்கிய பின்
கீழே நின்று ஸ்பேனரைப் போட்டேன்.
மேலே மத்தி விலை பேசிக்கொண்டிருந்தார்கள்,
அவள் தமிழில், அவன் மலையாளத்தில்.

மவுண்ட்டுக்கு வாங்கிய காசைத் திருப்பிக் கொடுத்தேன்.
பெல்ட்டுக்கு இல்லை.
பெல்ட்டை நன்றாகத்தான் கட்டியிருந்தேன்.