அறுநூறு கிராம்

மூன்றாவது தடவையாகத்
தக்கலையில் பஸ் ஏறினேன்.
மடியில் துப்பாக்கிப் பெட்டி,
பையில் லைசென்ஸ் புத்தகம்,
அதன் அடியில் தாளில் பொதிந்த
மளிகைக்கடைப் படிக்கற்கள்.
பையை நகர்த்திய கண்டக்டர்
"என்னக்கா, கல்லா கொண்டு போறிய?" என்றான்.
ஆமா என்றேன். எறியத்தான்.

கோட்டாற்றில் பாத்திரக்கடைச் சந்துக்குள்
தெலஸ்போரின் பட்டறை.
கண்ணாடிக் கதவு, ஏசி,
லேசரில் வெட்டிய பெயர்ப்பலகை.
பிப்ரவரியில் பேசி முடித்தது இது:
விசை அறுநூறு கிராமில் விழணும்.
இழையக்கூடாது.
முதல் தங்கலில் நின்று, பிறகு
கண்ணாடிக் குச்சி மாதிரி ஒடியணும்.
எழுதிக் கையெழுத்தும் போட்டார்,
பதினோராயிரத்து ஐநூறு பெற்றுக்கொண்டேன் என்று
அதே தாளின் பின்பக்கத்தில்.

வந்தது வேறு.
ஈரமணலில் கால் வைத்ததுபோல
போய்க்கொண்டே இருந்தது விசை.
ஒருநாள் கனம். ஒருநாள் இறகு.
மாவட்டப் போட்டியில், படுத்த நிலையில்,
முப்பத்தோராவது குண்டு
நான் முடிவெடுக்கும் முன்பே போயிற்று.
ஆறாம் வளையத்தில், இடது ஓரம், ஒரு ஓட்டை.
அடுத்த தடத்துப் பெண் மூக்கை உறிஞ்சியது
காதுக்குள் கேட்டது எனக்கு.

"நீங்க வெட்டி வலிச்சிருப்பிய" என்றார் முதல் தடவை.
"கிரீஸ் காஞ்சுபோச்சு" இரண்டாவது தடவை.
துடைத்துத் தந்து முந்நூறு வாங்கினார்.

இன்று வாதம் இல்லை.
போல்ட்டைத் திறந்து காலி அறையைக் காட்டி, மூடி,
குழல்வாய் மேலே பார்க்க நிறுத்தி,
விசையில் கம்பிக் கொக்கி மாட்டிக்
கல் கல்லாய் ஏற்றினேன்.
எண்ணூற்றைம்பதில் விழுந்தது.
மறுபடி: ஐநூறில்.
மறுபடி: எழுநூறு ஏற்றிக் கையெடுத்து
நான் மூச்சு விட்டபிறகு, தானாக.

"கள்ளக் கல்லு" என்றார்.
கவிழ்த்துக் காட்டினேன், அடியில் அரசு முத்திரை.
"அப்போ உங்களுக்க வெரலு."

எனக்க விரலா?
கூட்டுறவு வங்கியில் பத்தொன்பது வருசம் கேஷ்.
கட்டுக்குள் ஒட்டிக்கிடக்கும் இரட்டை நோட்டை,
கள்ள நோட்டை, குளச்சலில் இருந்து வரும்
மீன்கை பட்ட நோட்டைப்
பார்க்காமல் சொல்லும்.
சொன்னேன்.
அவர் துப்பாக்கியை வாங்கித்
தானே மூன்று தரம் இழுத்தார்.
"வெண்ணெ மாதிரி இருக்கு. இன்னும் என்ன வேணும்?"

அப்போதுதான் பார்த்தேன் அந்த நுனியை.
ரேகை இல்லை.
உருகி உறைந்த மெழுகு மாதிரி வெளுத்து, வழவழத்து.
அவருக்குப் பின்னால்
இரும்புக்குக் கறுப்பேற்றும் உப்புச் சட்டி
மூடியோடு இருந்தது.

"எப்போ?" என்றேன்.
"எது எப்போ?"
ஏசி கொஞ்சநேரம் ஓடியது.
"கிறிஸ்மஸுக்கு மறுநாள்" என்றார்.

பாவம் என்றுதான் முதலில் தோன்றியது.
பிறகு கணக்குப் போட்டேன்:
டிசம்பரில் வெந்த விரல்,
பிப்ரவரியில் என்னிடம் வாக்குக் கொடுத்திருக்கிறது.
"பணம்" என்றேன்.

இழுப்பறை திறந்து
எச்சில் தொட்டு எண்ணித் தந்தார், ஐநூறுகளாக.
"இருவத்திமூணு. சரியா பாருங்க."
பார்த்தேன். இருபத்துநாலு.
புதுநோட்டு இரண்டு ஒட்டிக்கிடந்தது.
அவருக்குத் தெரிய வழியில்லை.

ஒரு நிமிடம் அந்தக் கட்டு
என் கையில் சும்மா இருந்தது.
அதிகமாய் வந்த ஐநூறில்
கிரீஸ் துடைத்த முந்நூறு என்னுடையது.
இரண்டு நூறுகளை எடுத்து
மேசையில் வைத்து, ஏன் என்றும் சொன்னேன்.
அவர் நோட்டைப் பார்க்கவில்லை.
கல்லைப் பார்த்தார்.

"இத ஒரு வாரம் வெச்சிட்டுப் போறியளா?"

கடைக்காரனுக்க கல்லு என்றேன்.
சாயங்காலம் கொடுக்கணும்.

பார்வதிபுரம் தாண்டி, உட்கார இடம் கிடைத்தது.
பெட்டி மடியில்.
விசை அப்படியேதான் இருக்கிறது,
இன்னும் யாரிடமாவது கொண்டுபோகணும்.