கை வேலை

ஜுபைல் மீன் மார்க்கெட்டுக்குப் பின்தெருவில்
பத்து ரியால் கடை.
வியாழன் ராத்திரி கேம்ப் பஸ் இரண்டும்
முழுசாக இங்கேதான் கொட்டும்.
நான் போனது செவ்வாய். இகாமா போட்டோவுக்கு.

இடப்பக்கம் முடிந்து
கத்தரி வலது காதைத் தொடும்போது பாங்கு சொன்னார்கள்.
சரசரவென்று இறங்கிய ஷட்டர்
முழங்கால் உயரத்தில் யோசித்து நின்று
பிறகு மனசில்லாமல் மூடிக்கொண்டது.
முதலாளி பின்வாசல் வழியே பள்ளிக்குப் போனார்.
உள்ளே நாங்கள் இருவர்,
ஒரு ட்யூப்லைட்,
பாதி வெட்டின தலை.

நிகில் சீல். குமில்லாக்காரன்.
இருவருக்கும் சொந்தமில்லாத இந்தியில்
ஏழு மாதமாகப் பேசிக்கொள்கிறோம்.
இரண்டு பேர் சேர்ந்து தப்பாகப் பேசினால்
அதுவும் ஒரு பாஷைதான்.

கண்ணாடியில்
ஒரு பக்கம் மாப்பிள்ளை
மறு பக்கம் போலீஸ் தேடுகிற ஆள்.
அந்த நேரம் பார்த்து வீட்டிலிருந்து வீடியோ கால்.
எடுக்கவில்லை.

நிகில் பக்கத்து நாற்காலியில் சாய்ந்தான்.
கலீல் லீவில் போய் நாற்பது நாள்,
என் பிடரியைப் பார், காடு, என்றான்.
முதலாளியிடமா கேட்பது?
சும்மா மெஷினை ஓட்டிவிடு,
வாழைப்பழம் உரிக்கிறவனுக்கு இது வரும்.

மெஷின் வேண்டாம் என்று
நான் ஏன் சொன்னேன்?

காகிதத்தோடு மடக்கி பிளேடைப் பாதியாக உடைத்தேன்.
இடது கட்டைவிரல் தோலை மேலே இழுத்தது.
கத்தி எவ்வளவு சாய வேண்டும் என்பது
எனக்கு மறந்திருந்தது.
கைக்கு மறக்கவில்லை.
காதோரம் வளைந்து
மச்சத்தை ஒதுங்கிச் சுற்றி
பிடரிக்குழியில்
தண்ணீர் தொட்டு ஒரே வீச்சு.

கேம்பில் நான் ரிக்கர்.
கிரேனுக்குக் கை காட்டுகிறவன்.
ஐம்பது டன் இரும்பு என் சுண்டுவிரலைப் பார்த்துத்தான் இறங்கும்.
வந்த வாரமே பெரியநாயகம் கேட்டார்:
ஊர் சரி தம்பி, எந்தத் தெரு?
வேறு தெருவைச் சொன்னேன்.
ஒன்பது வருடமாய்
அந்தத் தெருவில்தான் குடியிருக்கிறேன்.

பத்தாம் வகுப்புப் பரீட்சைக்கு முந்தின நாள்
அப்பா என் கையிலிருந்து கத்தியைப் பிடுங்கி
இனி தொட்டால் விரலை வெட்டுவேன் என்றார்.
தொடவில்லை. இன்று வரை.

நிகில் கண்ணை மூடிக் கிடந்தான்.
அவ்வளவு சுலபமாகக் கழுத்தைக் கொடுக்க
யாருக்கு யார் இருக்கிறார்கள் இங்கே.

முடிந்ததும் கைக்கண்ணாடியை எடுத்து
அவன் பின்னந்தலைக்குப் பிடித்தேன்.
அதைச் செய்யாமல் இருந்திருக்கலாம்.

கண்ணாடிக்குள் இருந்த கண்ணாடியில்
என்னையே பார்த்தான்.
எங்கே கற்றாய்?
யூட்யூப்.

சிரிக்கவில்லை.
துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னான்:
எங்கள் பக்கம் சீல் என்று பேர் சொன்னால் போதும்,
வேறெதுவும் கேட்க மாட்டார்கள்.
அப்படியென்றால்?
யூட்யூப், என்றான்.

பிறகு சிரித்தோம்,
வெளியே கேட்டுவிடப் போகிறதென்று
வாயைப் பொத்திக்கொண்டு,
பாதித் தலையில் இருந்த முடியெல்லாம்
மடியில் உதிர உதிர.

ஷட்டர் ஏறியது. வெயில் ஒரு தட்டு உள்ளே வந்தது.
வலப்பக்கத்தை வெட்டி முடித்தான்.
பத்து ரியாலையும் எண்ணியே வாங்கினான்.

டாக்ஸியில் வீட்டுக்குக் கூப்பிட்டேன்.
அப்பவே ஏன் எடுக்கல என்றாள் சாந்தரூபி.
கை வேலையா இருந்துச்சு, என்றேன்.